ஹில்மாவின் உழைப்பு



சுவீடன் நாட்டு ஓவியர் ஹில்மா ஆஃப் கிளிண்டைச் சுற்றி ஒரு கதை உலவுகிறது. ஆவிகள் ஆணையிட்டன, ஒரு பெண்ணின் கை அசைந்தது, அருவ ஓவியம் பிறந்தது என்பார்கள். அந்தக் கதைக்குள் புதைந்துபோன உழைப்பைப் பற்றிப் பேசவே இங்கு நிற்கிறேன்.

1862இல் பிறந்தவர் ஹில்மா. இருபது வயதில் ஸ்டாக்ஹோம் அரச கலைக்கழகத்தில் சேர்ந்து ஐந்தாண்டுகள் பயின்றார். உருவப்படமும் நிலக்காட்சியும் தீட்டிப் பிழைத்தார். செடிகொடிகளை நரம்பு நரம்பாகப் பார்த்து வரைந்தார். நான்கு தோழியரோடு 'ஐவர்' என்ற குழு கண்டு, ஆண்டுக்கணக்கில் தியானத்திலும் வழிபாட்டிலும் அமர்ந்தார். நம் அடையாற்றைத் தலைமையகமாகக் கொண்ட பிரம்மஞான சபையிலும் உறுப்பினராக இருந்தார்.

1906இல் தொடங்கினார் 'கோயிலுக்கான ஓவியங்கள்' என்னும் பெரும்பணியை. 1915இல் முடித்தபோது 193 படங்கள்! இடையில் பார்வை இழந்த தாயைப் பராமரிக்க நான்காண்டுகள் அந்தப் பணியை நிறுத்தியும் இத்தனை! 1907இல் தீட்டிய 'பத்துப் பெரும் படங்கள்' ஒவ்வொன்றும் பத்தடிக்கு மேல் உயரம். குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை மனித வாழ்வு அவற்றில் மலராக, சுருளாக, வட்டமாக விரிகிறது. அருவ ஓவியத்தின் முன்னோடி எனப் புகழப்படும் ஓவியர் காண்டின்ஸ்கி தம் முதல் அருவ ஓவியத்துக்குச் சொன்ன ஆண்டோ அதற்குப் பின்வந்த 1911!

ஆவிகளின் வழிகாட்டலை ஹில்மா உளமார நம்பினார். அந்த நம்பிக்கையை மதிக்கிறேன். அம்பிகையின் தாம்பூலத்தால் காளமேகம் கவியானார் என்று நம் ஊரிலும் சொல்வதுண்டு. அருள் வாய்திறக்க வைத்திருக்கலாம். வெண்பாவைக் கட்டியது புலவரின் புலமைதானே!

1944இல் மறைந்தபோது 1,200க்கும் மேற்பட்ட படைப்புகளை தம் சகோதரரின் மகனான எரிக்கிடம் விட்டுச்சென்றார். இருபது ஆண்டுகள் அவற்றைக் காட்ட வேண்டாம் என்பது அவர் விருப்பம். அந்த இருபதும் கழிந்தன. 1970இல் குடும்பத்தார் அந்தப் படைப்புகளை நன்கொடையாகத் தர முன்வந்தபோது ஸ்டாக்ஹோமின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஏற்க மறுத்தது. 1986இல் லாஸ் ஏஞ்சல்ஸ் காட்சியில்தான் உலகம் அவரைப் பார்க்கத் தொடங்கியது. 2018இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் தொடங்கிய காட்சிக்கு ஆறு லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். இருபதாண்டு மறைவு அவர் கேட்டது. மிச்சமுள்ள ஆண்டுகளுக்குக் கலையுலகமே பொறுப்பு!

ஆகவே சொல்கிறேன்: ஒரு பெண்ணின் படைப்பைத் தெய்வ வரம் என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எங்கே கற்றார், யாரோடு உழைத்தார், எதை இழந்து வரைந்தார் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள்!