ஆர்ஜவமும் ஆடவர் நோயும்
(தசலட்சண பர்வத்தின் மூன்றாம் நாள் ஆற்றிய உரை)



பத்து அறங்களுள் மூன்றாவதாகிய உத்தம ஆர்ஜவத்திற்கு உரிய நாள் இன்று. மனம், சொல், செயல் மூன்றும் கோணாமல் ஒன்றி நிற்பதே ஆர்ஜவம். அந்த நேர்மையை நம் உடல்நோய் குறித்தும் கைக்கொள்ள வேண்டும் என்பதே என் உரையின் பொருள். ஆடவர் பலர் சொல்ல நாணும் புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவன் என்ற முறையில் பேசுகிறேன்.

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்து அமைந்த சிறு சுரப்பி. வயது ஏற ஏற அது பருப்பது இயல்பு. பருத்தவை எல்லாம் புற்றுநோய் அல்ல. ஆனால் புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை ஐயத்தை எழுப்பும். திசுப் பரிசோதனையே உறுதி செய்யும். பி.எஸ்.ஏ. அளவு 4க்கு மேற்பட்டால் பொதுவாக மேலும் ஆராய்வர். எனக்கு 66ஆம் வயதில் 14 என வந்தது.

எல்லோர்க்கும் ஒரே மருத்துவம் இல்லை. மெல்ல வளரும் கட்டியைக் கண்காணித்து வருதலே போதுமானதாக இருக்கலாம். பிறர்க்கு அறுவை, கதிர்வீச்சு, ஹார்மோன் மருத்துவம் ஆகியவை உண்டு. ஆண்மைச் சுரப்பைக் குறைத்தால் இந்நோய் தணியும் என்று 1941இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ், 1966இல் நோபல் பரிசு பெற்றார். எனக்குக் கதிர்வீச்சும், 3 மாதங்களுக்கு ஒருமுறை ஊசியும் அளித்தனர். ஊசியால் திடீர் வெப்பம், சோர்வு, இல்லற நாட்டம் குறைதல் ஆகியவை நேர்ந்தன. அவற்றை முன்னரே மனைவியிடம் எடுத்துரைத்திருந்ததால் எங்களிடையே மனக்கசப்பு எழவில்லை.

கதிர்வீச்சுக்கு முன் நாள்தோறும் நீர் அருந்திச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொள்ளச் சொன்னார்கள். நீரும் கொள்ளாத உபவாசம் அந்நாள்களில் இயலாது. பதினாறு பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற தவமும் ஒன்றல்லவா? ஆகவே சிகிச்சை முடிந்தபின் நோன்புகளை மீண்டும் மேற்கொண்டேன். இரவுண்ணாமையை மட்டும் விடவில்லை. மருத்துவரைக் கேட்டு மருந்து வேளைகளைப் பகலுக்குள் அமைத்துக்கொண்டேன்.

அசாதா வேதநீய வினையின் பயன் இது என்று கூறி வாளா இருப்போர் உண்டு. ஆயின் நான்கு தானங்களுள் ஔஷத தானத்தையும் நம் முன்னோர் வைத்தனர். மருந்து கொள்வது வினைக்கொள்கைக்கு மாறு எனில், மருந்து கொடுப்பதை அறம் என்று விதித்திருப்பரோ? வையாவிருத்தியம் அகத்தவங்களுள் ஒன்று. நோயை மறைப்பவர், தமக்குத் தொண்டு செய்து அப்பேற்றைப் பெறும் வாய்ப்பைத் தம் வீட்டாருக்கு மறுக்கிறார்.

மறைப்பதனால் மற்றுமொரு கேடும் உண்டு. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால், ஒருவருக்கு இது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகும். தந்தை வாய்மூடி இருந்தால், தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை மகன் எங்ஙனம் அறிவான்? என் மகன்கள் இருவரிடமும் இதனைக் கூறிவிட்டேன். 45 வயதானதும் மருத்துவரைக் காண்பதாக இருவரும் வாக்களித்துள்ளனர்.

ஐம்பது வயதைக் கடந்த அன்பர்களே, பரிசோதனையின் நன்மையையும் வரம்பையும் மருத்துவரிடம் கேட்டறிந்து முடிவு செய்யுங்கள். நோய் எனத் தெரிந்தால் வீட்டாரிடம் சொல்லுங்கள். அதுவும் ஆர்ஜவமே.

அறம் வளர்க.