அந்த பி.டி. வாத்தியாருக்குக் கைதட்டுங்கள்!



சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி எங்கே இருக்கிறது என்று ஒரு காலத்தில் கேட்டால் பலருக்கும் தெரியாது. இன்று உலகத்துக்கே தெரியும். உயரம் தாண்டுதல் வீரர் மாரியப்பன் தங்கவேலுவின் ஊர்! ஆமாம், தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

ஐந்து வயதில் வலது காலில் பேருந்து ஏறியது. முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. தாய் காய்கறி விற்று வளர்த்தார். பிள்ளை வாலிபால் ஆடிக்கொண்டிருந்தான். அவனை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் யார்? பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார்!

2016, ரியோ பாராலிம்பிக். 1.89 மீட்டர்! இந்த மைக்கைப் பாருங்கள், அதற்கும் மேலே, என் தலைக்கும் மேலே, ஆறடியைத் தாண்டி! தங்கம்! அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். பதக்கம் மாரியப்பனுடையது. முதலில் கண்டுகொண்ட கண், அந்த வாத்தியாருடையது!

இன்று என்ன நடக்கிறது? டைம்டேபிளில் பி.டி. பீரியட் இருக்கும். மணி அடித்ததும் கணக்கு வாத்தியார் உள்ளே வருவார், "போர்ஷன் முடியல" என்பார். பத்தாவது வந்துவிட்டால் பந்துக்குக் காற்றடிக்கக்கூட ஆள் கிடையாது. ஊரெல்லாம் சில பள்ளிக்கூடக்காரர்கள் சென்டம் பிளக்ஸ் வைக்கிறார்களே! அவர்களைக் கேட்கிறேன்: ஓடுகிற பிள்ளைக்கு, வரைகிற பிள்ளைக்கு, பறை அடிக்கிற பிள்ளைக்கு அந்த பிளக்ஸில் ஏன் ஐயா இடமில்லை?

எங்கே விட்டேன்? ஆம், அந்த வாத்தியார்! மாரியப்பனை அவர் தாண்டிப் பார்க்கத்தானே சொன்னார்? தம்பி, உன் திறமையை மூலையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. இறங்கிச் செய்து பார்! எதைச் செய்யும்போது அம்மா சாப்பிடக் கூப்பிடுவது காதில் விழவில்லையோ, எதில் தோற்றாலும் மறுநாள் முதல் ஆளாகப் போய் நிற்கிறாயோ, அதை விடாதே! வாலிபாலோடு நின்றிருந்தால் மாரியப்பனுக்கே தெரிந்திருக்காது, தனக்குள் ஓர் உயரம் இருக்கிறதென்று!

பெற்றோர்களே, பிள்ளைக்கு ஒரு மாலைப்பொழுதைக் கொடுங்கள். தலைமையாசிரியர்களே, பி.டி. பீரியடை பி.டி. வாத்தியாரிடமே கொடுங்கள். கொடுப்பீர்களா? சத்தம் பத்தவில்லை! கையைத் தூக்கிச் சொல்லுங்கள், கொடுப்பீர்களா?