நெல்வயலின் பொட்டுப் பூச்சி

நெற்பயிர் தழைத்து நிற்கும் நாட்களில் வயலோரத்து வீடுகளிலே இரவு விளக்கேற்றினால், மஞ்சள் நிறமான சிறு அந்துப்பூச்சிகள் வந்து சுவரில் அமர்வதைக் காணலாம். சிறகை விரித்தால் ஏறக்குறைய ஓரங்குலந்தான். முன்சிறகு ஒவ்வொன்றின் நடுவிலும் மை தொட்டு வைத்தாற்போல ஒரு கரும்பொட்டு. நெல்லின் தண்டைத் துளைக்கும் புழுவுக்குத் தாய் இதுவே.

ஆணோ இதனிலும் சிறியது, மங்கிய பழுப்பு நிறத்தது, பொட்டும் தெளிவற்றது. இரண்டும் ஓரினமென்று எளிதில் நம்பமாட்டோம். பெயரிட்ட அறிஞரே தடுமாறினர். பிரான்சிசு உவாக்கர் 1863 இல் இப்பூச்சியை ஒன்றுக்கு மேற்பட்ட சாதிகளிலே வெவ்வேறு பெயர்களில் வருணித்துவிட்டார்! அவற்றுள் ‘இன்சேர்ட்டுலாசு’ என்னும் இனப்பெயரே நிலைத்தது. சாதிப்பெயரோ 1960 இல் ‘திரைப்போரைசா’ ஆகி, 1981 இல் ‘சிர்ப்போபாகா’ ஆயிற்று. ஆகவே, பழைய விவசாய அறிக்கைகளைப் புரட்டுவோர் இப்பெயர்களை அறியாவிடின், ஒரே பூச்சியைப் பல பூச்சிகளென எண்ணி மயங்குவர். இதன் நெருங்கிய உறவான வெண்ணிறத் தண்டு துளைப்பானுக்குப் பொட்டே கிடையாது.

உழவருக்கு இத்தனை பெயரும் வேண்டியதில்லை. பெண்பூச்சி தன் வால்நுனி மயிரைக் கொண்டே முட்டைகளைப் போர்த்து வைக்கும். இலைநுனியருகே அத்தகைய பழுப்புத் திரளைக் கண்டால், ஒரு வாரம் பொறுத்திராது உடனே கிள்ளி அழித்தல் வேண்டும். பொரித்த புழு தண்டினுள் புகுந்துவிட்டால் மருந்தும் எளிதில் எட்டாது. இளம்பயிராயின் நடுக்குருத்துக் காயும். கதிர் ஈனும் பருவமாயின் மணியற்ற வெண்கதிரே மிஞ்சும்.