பீச் போகுமா?

"பெண்ணுக்குத் துணிச்சலைத் தருவது பிறந்த ஊரே" என்று எதிரணித் தோழி முழங்கிவிட்டுப் போனார். அம்மா, பிறந்த ஊர்ல எங்களுக்கு வழி கேட்கவே வேலையில்லையே! தெருமுனைக்குப் போனாலும் தம்பி துணைக்கு வருவான். அவனுக்கு வயசு எட்டு. (சிரிப்பு)

1996-இல் நெல்லையிலிருந்து மூன்று பேர் வேலைக்காகச் சென்னை வந்தோம். மயிலாப்பூரில் விடுதி. முதல் ஞாயிற்றுக்கிழமை மெரினா பார்க்கக் கிளம்பி, வந்து நின்ற 29சி-யில், "பீச் போகுமா?"ன்னு கேட்டோம். போகும்னார் கண்டக்டர். போச்சு. அடையாறு பாலத்தையும் தாண்டிப் போச்சு! இறங்கினா கடல் இருக்கு, காந்தி சிலையைக் காணோம். வெள்ளையா ஷ்மிட் நினைவுச் சின்னம் நிக்குது. சுண்டல் விற்ற பையன் சொன்னான்: "அக்கா, இது பெசன்ட் நகர்."

ஒருத்தி அழுதுட்டா. அதுவரை தனியா ஒரு சோப்புகூட வாங்காதவ. கையிலிருந்த சில்லறையை எண்ணினோம். (2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அன்னைக்கு அப்படியா?) அழுதவளே கண்ணைத் துடைச்சுக்கிட்டு டைம்கீப்பர்கிட்டே போய் வழி கேட்டா. அன்னைக்கே மெரினாவும் பார்த்தோம். பக்கத்துல திட்ட ஆளில்லை, நடுவர் அவர்களே. அதனாலதான் அவளுக்குக் கேட்க வாய் வந்தது.

மூணு மாசம் கழிச்சு, "வேலை பார்த்தது போதும்"னு பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போக அவ அப்பா வந்தார். எழும்பூர் ஸ்டேஷன் வாசல்ல பெட்டியோட நின்னு மகளைக் கேட்டார்: "எந்த பஸ்ஸும்மா ஏறணும்?" (கைதட்டல்)

ரெண்டு நாள் இருந்தார். ஊருக்கு அவர் மட்டும்தான் திரும்பிப் போனார்.