நித்திரைக் குறைவும் வீட்டுப் பராமரிப்பும்
(ஐக்கிய நாணயச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)



இரவில் குழந்தை ஓயாது அழுமாயின் கிராமங்களில் முதலில் கூறப்படுவது திருஷ்டி. அடுத்தபடி கூறப்படுவது, தூங்க மருந்து கொடு என்பது. திருஷ்டி கழிப்பதால் குழந்தைக்குத் தீங்கில்லை. மருந்தினாலோ உயிருக்கே அபாயம். முற்காலத்தில் வேலைக்குச் செல்லும் தாய்மார் சிறிது அபின் கொடுத்துக் குழந்தையைக் கிடத்திப் போகும் வழக்கம் இந்நாட்டில் பல இடங்களில் இருந்தது. அபின் உறக்கத்தை மாத்திரம் தருவதன்று, சுவாசத்தையும் மந்தப்படுத்துவது. அளவு சற்று மிகுந்தால் மூச்சு நின்றுவிடும். இக்காலத்தில் கடையில் கேட்டு வாங்கும் இருமல் மருந்தை வைத்தியர் சொல்லாமல் உறக்கத்திற்கென்று புகட்டுவதும் அத்தகைய பிழையே.

செவிலியர் முதலில் செய்வது அழுகையின் காரணத்தைத் தேடுதல். விளக்கைக் கொண்டு வந்து, உடுப்பைக் களைந்து, குழந்தையின் தேகம் முழுவதும் பார்க்க வேண்டும். உள்ளங்கையிலும் விரலிடுக்கிலும் சிரங்கு உண்டா? காதருகே தொட்டால் வீரிடுகிறதா? வெள்ளை நூல் போன்ற சிறு பூச்சிகள் இரவில்தான் வெளிவந்து ஆசனவாயில் முட்டையிடும். அவ்வரிப்பினால் உறங்காத பிள்ளைகள் அநேகர். இவற்றுக்கெல்லாம் எளிய சிகிச்சை உண்டு. ஆனால் ஜுரத்துடன் எழுப்பியும் விழியாது கிடக்கும் குழந்தையை நல்ல உறக்கம் என்று விட்டுவிடலாகாது. அப்பொழுதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கிடத்தும் முறையும் முக்கியமானது. சிசுக்களை மல்லாக்கவே கிடத்தும்படி இங்கிலாந்தில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் பிரசாரம் செய்யப்பட்டது. அதன்பின் உறக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணங்கள் அந்நாடுகளில் பெரிதும் குறைந்தன. தூளியை ஒரே நாளில் விடச் சொன்னால் எந்தப் பாட்டியும் கேட்கப்போவதில்லை. ஆயினும் தூளியில் குழந்தை கூனி, முகவாய் மார்பில் படியக் கிடக்கலாகாது. துணி முகத்தை மூடலாகாது. கண்ணயர்ந்தபின் தலையணையின்றி மட்டமான பாயில் மல்லாக்க விடுவதே உத்தமம். குடித்தவர் அருகில் சிசுவை ஒருபோதும் படுக்கவிடக் கூடாது.

பிறந்த சிசுவுக்கு நாளொன்றுக்கு 14 முதல் 17 மணியும், 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு 11 முதல் 14 மணியும், பெரியவர்க்கு 7 மணிக்குக் குறையாமலும் நித்திரை வேண்டும்.

பெரியவர்கள் மாலைக்குமேல் காப்பியும் தேயிலையும் நீக்குக. சாராயம் உறக்கத்தை வருவிப்பதாகத் தோன்றினும் நடுநிசியில் அதைக் கலைத்துவிடும். படுத்து 20 நிமிஷமாகியும் கண் மூடவில்லையெனில் புரண்டுகொண்டிராமல் எழுந்து சற்று உட்கார்ந்திருந்து, உறக்கம் வரும்போது படுக்கலாம். குறட்டையினிடையே மூச்சு நின்று திணறுவோரும், படுத்தால் மூச்சு முட்டுவோரும் வைத்தியரிடம் செல்லக் கடவர்.

இவை யாதுமின்றியே உறங்காதார் உளர். தவணை நாள் நெருங்கியும் விளைச்சல் இல்லாத அங்கத்தினர் அவ்வகையினர். மனைவியிடமும் சொல்லாது இருட்டில் கணக்கிட்டுக் கிடப்பர். அவருக்கு எந்த மாத்திரையும் வேண்டுவதில்லை. தவணைக்கு முன்பே பகலில் காரியதரிசியிடம் வந்து, வாய்தா கேட்டு ஒரு மனு எழுதித் தந்தால், பஞ்சாயத்தார் அதைக் கூட்டத்தில் வைத்து யோசிப்பர்.