கடலுக்கும் விதைநெல் வேண்டும்

பாஞ்சாலங்குறிச்சி வட்டாரத்து விவசாயப் பெருமக்களே!

"கடலையைப் பத்திப் பேசுவாருன்னு பார்த்தா, கடலைப் பத்திப் பேசுறாரே!" என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் உங்கள் ஊர் இளவட்டங்கள் தூண்டிலோடு தூத்துக்குடிக் கரைக்குப் போகிறார்கள் அல்லவா? திரும்பி வரும்போது, "முன்ன மாதிரி மீன் கடிக்கலை" என்கிறார்கள். ஏன்?

களவா, விளமீன் போன்றவை பவளப்பாறையை அண்டி வாழ்பவை. மீன்குஞ்சுக்கு அதுதான் நாற்றங்கால். அந்தப் பாறையைப் பல்லாண்டுகளாக வெட்டிச் சுண்ணாம்பு சுட்டோம், வீடும் கட்டினோம். 2001-ல் பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தும், வெட்டு நின்றது 2005 வாக்கில்தான். இன்னொரு பக்கம், விசைப்படகின் இழுவைமடி கடல்தரையை வாரியது, கடற்புல்லையும் பெயர்த்தது.

பாறை என்பது தீவுக்கு வரப்பு. வரப்பை வெட்டினால் மண் நிற்குமா? தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான்தீவு 1986-ல் ஏறத்தாழ 40 ஏக்கர். 2015 வாக்கில் மிஞ்சியது சுமார் 6 ஏக்கர்! விலாங்குசல்லித் தீவு தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது. முத்துக்குளிப்பும் இந்தக் கரையில் 1961-ஓடு சரி.

கைகட்டி உட்கார்ந்துவிடவில்லை. 2015-க்குப் பிறகு தமிழ்நாடு அரசு, வான்தீவுக்கு முன்னால் துளையுள்ள கான்கிரீட் பாறைகளை ஆயிரக்கணக்கில் கடலுக்குள் இறக்கியது. அலையின் வேகம் தணிந்தது, மணல் சேர்ந்தது, துளைகளில் மீன் குடிபுகுந்தது. காரியச்சல்லித் தீவுக்கும் இதே வைத்தியத்தைக் கையில் எடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதும் மீன் இனம் பெருகத்தான்.

சரி, தூண்டில்காரர் செய்ய வேண்டியது என்ன?

சின்ன மீன் சிக்கினால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளைப் பக்குவமாகக் கழற்றிக் கடலிலேயே விடுங்கள். காய்ந்த கை பட்டால் அதன் மேல்வழுவழுப்பு போய் நோய் பிடிக்கும். முட்டை சுமக்கும் நண்டையும் சிங்கி இறாலையும் தொடாதீர்கள். அறுந்த நைலான் நரம்பைக் கடலில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அது மக்காது, பாறையில் சிக்கிப் பவளத்தையும் ஆமையையும் கொல்லும். தீவுகளில் இறங்காதீர்கள். 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா.

பஞ்சம் வந்தாலும் விதைநெல்லைக் குத்தித் தின்னாத குடும்பம் நம்முடையது. கரைக்குப் போகும் பிள்ளைகளிடம் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியனுப்புங்கள். நாளைக்குப் பேரன் போடும் தூண்டிலிலும் மீன் கடிக்கும்.