மூன்று முறை எழுதி வா



வீட்டுப்பாடச் சுமை பற்றிய இக்கருத்தரங்கை ஒரு நீதிமன்ற ஆணையிலிருந்து தொடங்குவது பொருத்தம். 2018 மே மாத இறுதியில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன், ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தரக்கூடாது என்று சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு உத்தரவிட்டார். ஆறு வயதுக் குழந்தையை இரவில் எழுத உட்கார்த்திவைக்காதீர்கள் என்று சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது. இத்தனைக்கும் 1993-லேயே பேராசிரியர் யஷ்பால் குழு, தொடக்க வகுப்புகளுக்குப் பாடப்புத்தகம் சார்ந்த வீட்டுப்பாடமே வேண்டாம் என்று பரிந்துரைத்துவிட்டது. கால் நூற்றாண்டு அந்த அறிக்கை அலமாரியில் கிடந்தது.

நான்காம் வகுப்பு நோட்டு ஒன்றைப் புரட்டினால் சுமையின் இயல்பு விளங்கும். பாடத்தின் பின்னால் உள்ள ஐந்து வினாவிடைகளை ‘மூன்று முறை எழுதி வா’ என்பது கட்டளை. முதல் தடவை எழுத்துகள் கோட்டின் மேல் நிற்கின்றன. இரண்டாம் தடவை சாய்கின்றன. மூன்றாவதில் ஒரு வரியே விட்டுப்போயிருக்கிறது. அடியில் சிவப்பு மையில் ஒரு ‘டிக்’. விட்டுப்போன வரி யார் கண்ணிலும் படவில்லை.

ஆசிரியரைக் குறைசொல்ல இடமில்லை. நாற்பது பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து பக்கம் எழுதினால் இருநூறு பக்கம். ஓய்வுப் பாடவேளை ஒன்றில் அதை வாசித்துத் திருத்த யாராலும் முடியாது. திருத்தப்படாத பயிற்சி பிள்ளையின் பிழையைத்தான் உறுதிப்படுத்தும்.

அப்படியானால் வீட்டுப்பாடமே வீணா? இல்லை. டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பரும் குழுவினரும் அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளியிட்ட முடிவு தெளிவானது: ஏழாம் வகுப்பு முதல் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பு தெரிகிறது, அதற்குக் கீழே அது மிக மெலிந்தது. மேல்வகுப்புகளிலும் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் பலன் கூடுவதாகத் தெரியவில்லை.

2012-ம் ஆண்டு பீசா (PISA) என்னும் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டுத் தேர்வின்போது எடுத்த கணக்கு இன்னொன்றையும் காட்டியது. ஷாங்காயின் 15 வயது மாணவர்கள் வீட்டுப்பாடத்துக்கு வாரம் ஏறத்தாழ 14 மணி நேரம் செலவிட்டார்கள். பின்லாந்திலும் தென்கொரியாவிலும் மூன்று மணிக்கும் குறைவு. கணிதத்தில் மூன்றுமே சராசரிக்கு மேல். கொரியாவின் டியூஷன் நேரம் இதில் சேரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அதே கணக்கின்படி, வசதியான வீட்டுப் பிள்ளைகள் எளிய வீட்டுப் பிள்ளைகளைவிட வாரம் சுமார் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக வீட்டுப்பாடம் செய்தார்கள். தனி மேசையும் படித்த பெற்றோரும் உள்ள வீட்டில் பாடம் முடிகிறது. ஒற்றை அறையில் டிவி ஓடும் வீட்டில் மறுநாள் பெஞ்சு மேல் நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டுப்பாடத்தின் ஆகப் பெரிய தீங்கு இதுதான்.

2020-ன் தேசியப் பள்ளிப்பைக் கொள்கை வரம்புகளை வகுத்திருக்கிறது. இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடம் இல்லை. மூன்று முதல் ஐந்துவரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம். எட்டுவரை நாளுக்கு ஒரு மணி. அதற்கு மேல் இரண்டு மணி.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் ஆய்வாளர்கள் இந்த வரம்புகளை மாணவர் நோட்டுகளோடு ஒப்பிட்டுப் பேச வேண்டும். மறுநாளே திருத்தித் தர முடிந்த அளவுக்கு மட்டும் வீட்டுப்பாடம் கொடுங்கள் என்று தலைமையாசிரியர்களை வேண்டும் தீர்மானம் ஒன்றையும் இக்கருத்தரங்கு நிறைவேற்ற வேண்டும்.